வேண்டாத காணொளிகளை விலக்கி வைப்பது எப்படி?

"அம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?"

கலந்துரையாடலின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் சிங்கப்பூரில் வீவக வீடு ஒன்றில் தாயாருடன் வசிக்கும் ஒரு மகள். தாயாருக்கு வயது 68. பல ஆண்டுகளாக நீரிழிவு நோய். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர். மகள் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியில் யூடியூப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

முதலில் பக்திப் பாடல்களும் சமையல் குறிப்புகளும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பாகற்காய்ப் பொரியல் செய்முறைக்குப் பக்கத்தில் "பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு காணொளி வந்தது. அதைப் பார்த்தார். மறுநாள் அதே போல மூன்று வந்தன. ஒரு மாதத்தில் திரை முழுவதும் அவைதான். தாயார் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு வெகுவாக உயர்ந்திருந்தது. அப்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது.

பாகற்காய் நல்ல உணவுதான். ஆனால் மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது. இதில் கலந்துரையாடலில் இருந்த எவருக்கும் மாறுபட்ட கருத்து இல்லை. தேடிப் போகாத ஒன்று திரைக்கு வந்தது எப்படி, அதை விலக்குவது எப்படி என்பதைப் பற்றியே பேச்சு நடந்தது.

பரிந்துரை எங்கிருந்து வருகிறது?

யூடியூப் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2006இல் கூகல் நிறுவனம் அதை 165 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தொடக்க ஆண்டுகளில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதே பரிந்துரைக்கு முக்கிய அளவுகோலாக இருந்தது. கவர்ச்சியான படத்தை ஒட்டி ஆளை இழுக்கும் வேலை பெருகியதால், 2012இல் அளவுகோல் மாறியது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் தரப்பட்டது.

அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் உள்வேலையை விளக்குகிறது. பரிந்துரை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில், ஒருவர் இதுவரை பார்த்தவற்றையும் தேடியவற்றையும் வைத்து, கோடிக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறு மட்டும் பொறுக்கி எடுக்கப்படுகின்றன. இரண்டாவது கட்டத்தில், அந்தச் சில நூறில் எதை அவர் அதிக நேரம் பார்க்கக்கூடும் என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். வரிசையில் முன்னால் நிற்பவை திரைக்கு வருகின்றன.

இந்த வேலையைச் செய்வது கணினி. அதற்குப் பாகற்காயும் தெரியாது, நீரிழிவும் தெரியாது. 68 வயதுப் பெண்மணி ஒரு காணொளியைக் கடைசி வரை பார்த்தார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளர் போன வாரம் வாங்கிய சாமானையே இந்த வாரமும் எடுத்து நீட்டுவது போன்றது இது. வாங்கியவர் அதனால் வயிற்றுவலிப்பட்டாரா என்பது கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை, வாடிக்கையாளர் வாய் திறந்து சொன்னாலொழிய.

யூடியூப்பில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப் பரிந்துரைக்கப்பட்ட காணொளிகளில்தான் கழிகிறது என்று அதன் உயர் அதிகாரி நீல் மோகன் 2018இல் தெரிவித்தார். தேடிப் பார்ப்பதைவிட, நீட்டியதைப் பார்ப்பதே அதிகம் என்பது இதன் பொருள்.

கடும் நோய்களுக்கு அற்புத மருந்து என்று பொய் சொல்லும் காணொளிகளைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போவதாக அந்நிறுவனம் 2019 ஜனவரியில் அறிவித்தது. ஆயினும் எல்லாம் நின்றுவிடவில்லை. மீதியைப் பார்ப்பவர்தான் விலக்க வேண்டியிருக்கிறது.

மகள் செய்த மூன்று தவறுகள்

விஷயம் தெரிந்ததும் மகள் சும்மா இருக்கவில்லை. தாயார் தூங்கும்போது கைத்தொலைபேசியை எடுத்தார். அப்படி என்னதான் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு காணொளியாகத் திறந்து முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டு, பெருவிரல் கீழ்நோக்கி இருக்கும் "டிஸ்லைக்" பொத்தானை அழுத்தினார். பிறகு அந்த ஒளிவழியின் பக்கத்துக்குப் போய் "பிளாக்" செய்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே காணொளிகள் முன்பைவிட அதிகமாக வந்தன.

கணினித் துறையில் பணிபுரியும் ஒருவர் இதற்கு விளக்கம் அளித்தார். திட்டுவதற்காகப் பார்த்தாலும் பார்த்ததாகவே கணக்கு. அது முதல் தவறு. "டிஸ்லைக்" அழுத்துவது ஓரளவுக்குத்தான் உதவும். அதையே நம்பியது இரண்டாவது தவறு. "பிளாக்" செய்வது, அந்த ஆள் நமது ஒளிவழியில் வந்து கருத்து எழுதாமல் தடுப்பதற்கான ஏற்பாடு. அவருடைய காணொளிகள் நமக்கு வருவதை அது தடுக்காது. அது மூன்றாவது தவறு.

சரியான வழி எது?

முகப்புத் திரையில் ஒவ்வொரு காணொளியின் தலைப்புக்கும் அருகில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் இருக்கும். காணொளியைத் திறக்காமல் அந்தப் புள்ளிகளைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் இரண்டு வரிகள் முக்கியமானவை.

ஒன்று, "நாட் இன்டிரஸ்டட்". இதில் எனக்கு ஆர்வமில்லை என்று பொருள். இதைத் தொட்டதும் அந்தக் காணொளி திரையிலிருந்து மறையும். ஏற்கெனவே பார்த்துவிட்டதாலா, பிடிக்கவில்லை என்பதாலா என்று காரணம் சொல்லவும் இடம் இருக்கும். தவறுதலாகத் தொட்டுவிட்டால், உடனே அங்கேயே "அன்டூ" என்பதைத் தொட்டு மீட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று, "டோன்ட் ரெக்கமன்ட் சேனல்". இந்த ஒளிவழியையே எனக்குப் பரிந்துரைக்காதே என்று பொருள். ஒரே ஒளிவழி மீண்டும் மீண்டும் தொல்லை கொடுத்தால் இதுதான் வழி. ஆனாலும், நாமே பெயர் போட்டுத் தேடினாலோ, அந்த ஒளிவழிக்குச் சந்தாதாரராக இருந்தாலோ அதன் காணொளிகள் தெரியும். ஆகவே, சந்தா இருந்தால் முதலில் அதை நீக்கிவிட வேண்டும்.

இவற்றில் எது அதிகம் பலன் தருகிறது என்பதை மொசில்லா அறநிறுவனம் 2022இல் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 20,000க்கும் அதிகமானோர் அந்த ஆய்வில் பங்கேற்றனர். ஒளிவழியைப் பரிந்துரைக்காதே என்ற பொத்தான், தேவையற்ற பரிந்துரைகளில் 43 விழுக்காட்டைத் தடுத்தது. பார்த்தவற்றின் பட்டியலிலிருந்து நீக்குவது 29 விழுக்காட்டைத் தடுத்தது. "டிஸ்லைக்" 12 விழுக்காடு, "நாட் இன்டிரஸ்டட்" 11 விழுக்காடு மட்டுமே.

எந்தப் பொத்தானும் பாதியைக்கூடத் தடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரு காணொளியையோ ஒளிவழியையோ விலக்கலாமே தவிர, ஒரு தலைப்பையே முழுமையாக வடிகட்டுவது அந்தப் பொத்தான்களின் நோக்கம் அன்று என்பது யூடியூப் தரப்பு அளித்த விளக்கம். "ஒரு தடவை அழுத்திவிட்டு வரவில்லையே, போகவில்லையே என்று கவலைப்படக்கூடாது. வாசலில் தினமும் கூட்டிப் பெருக்குவது மாதிரி சில நாள் தொடர்ந்து செய்ய வேண்டும்" என்றார் அந்தக் கணினித் துறை நண்பர்.

வேரைக் களைவது

புள்ளிகளைத் தொட்டு விலக்குவது கிளையை வெட்டுவது போன்றது. வேர், பார்த்தவற்றின் பட்டியலில் இருக்கிறது. செயலியில் "யூ" என்ற பகுதிக்குள் "ஹிஸ்டரி" என்று ஒன்று உண்டு. இதுவரை பார்த்த அனைத்தும் அங்கே நாள்வாரியாக இருக்கும். தாயார் பார்த்த அற்புத மருந்துக் காணொளிகளையும், மகள் கோபத்தில் பார்த்தவற்றையும் ஒவ்வொன்றாக அங்கிருந்து நீக்கலாம். தேடிய சொற்களையும் அதே போல நீக்க வேண்டும். அவையும் பரிந்துரைக்குத் தீனி.

பட்டியல் முழுவதையும் ஒரேயடியாக அழிக்கவும் முடியும். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று கெடு வைத்துத் தானாகவே அழியும்படியும் செய்யலாம். பதிவு செய்வதையே நிறுத்தியும் வைக்கலாம். 2023 ஆகஸ்டு முதல், பதிவை நிறுத்தி, பழைய பட்டியலும் இல்லாதவர்களுக்கு முகப்புத் திரையில் பரிந்துரையே வருவதில்லை. தேடும் பெட்டி மட்டும் இருக்கும். தேவையானதைத் தேடிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டச்சு செய்யச் சிரமப்படும் முதியவர்களுக்கு வெறுமையான திரை உதவாது.

வீட்டுத் தொலைக்காட்சியும் பிள்ளைகளும்

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகனின் தாயார் மற்றொரு சிக்கலை எடுத்துரைத்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் யூடியூப் அப்பாவின் கணக்கில் இயங்குகிறது. தாத்தா அதில் அரசியல் சண்டைகளைப் பார்க்கிறார். மகன் விளையாட்டுக் காணொளி பார்க்கிறான். இரவில் அப்பா பார்க்கும் பேய்ப்பட முன்னோட்டம், காலையில் மகனின் கண்முன் வந்து நிற்கிறது.

ஒரே கணக்கை நான்கு பேர் பயன்படுத்தினால், கணினி நால்வரையும் ஒரே ஆளாகவே எண்ணும். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. தொலைக்காட்சியில் மூன்று புள்ளிகளைத் தேட வேண்டியதில்லை. காணொளியின் மீது நின்றபடி, தொலை இயக்கியின் நடுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதே பட்டியல் வரும்.

சிறு பிள்ளைகளுக்குத் தனியாக யூடியூப் கிட்ஸ் செயலி இருக்கிறது. அதில் பெற்றோர் ஒரு காணொளியையோ ஒளிவழியையோ தடை செய்யலாம். தேடும் வசதியை மூடலாம். தாங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும் தெரியும்படி அமைக்கவும் முடியும்.

சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்பு நடைமுறை விதித்தொகுப்பு, யூடியூப் உள்ளிட்ட ஆறு சமூக ஊடகத் தளங்களுக்குப் பொருந்தும். தீங்கான உள்ளடக்கத்திலிருந்து பயனீட்டாளர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் கருவிகளைத் தளங்கள் வழங்க வேண்டும் என்று அது கோருகிறது. கருவி இருப்பதால் மட்டும் பயனில்லை. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

யார் அழுத்துவது?

கடைசியில் பேச்சு தொடக்கக் கேள்விக்கே திரும்பியது. தாயாருக்குத் தெரியாமல் மகள் அவருடைய கைத்தொலைபேசியைத் திறந்தது சரிதானா?

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார் ஒருவர். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதை ஏற்கவில்லை. "பிள்ளை ஒளித்து வைத்தால் பெரியவர்கள் வேறெங்காவது தேடிப் பார்ப்பார்கள். மறைத்தது மகள், சொன்னது காணொளி என்று ஆகிவிட்டால், நம்பிக்கை காணொளி மீதுதான் வரும்" என்றார் அவர்.

மகள் அதற்குப் பதில் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அவர் செய்ததைத் தாயார் ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார். "நான் என்ன பார்க்க வேண்டும் என்று நீ முடிவு செய்வாயா? பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை இதுதானே" என்று கேட்டாராம். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, மூன்று புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் காட்டினார். தாயாரே ஒவ்வொன்றாக அழுத்தினார். பாடல்களையும் சமையலையும் வேண்டுமென்றே தேடிப் பார்த்தார். சில வாரங்களில் திரை மெல்ல மாறியது. மாத்திரையும் மீண்டும் தொடங்கிவிட்டது.

பாகற்காய்ச் சாறு காணொளி இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறதாம். "வந்தால் என்ன, எனக்குத்தான் புள்ளி தெரியுமே" என்கிறாராம் தாயார்.

கைத்தொலைபேசியைப் பறிப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் கற்றுக்கொடுப்பது மேல் என்ற கருத்துடன் கலந்துரையாடல் நிறைவுற்றது.