ஆரத்தித் தட்டின் சிவப்பு

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது செக்கச் சிவந்துவிடும் என்பது ஆரத்தி எடுக்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்ததே. மஞ்சளிலும் சிவப்பு இல்லை, வெள்ளைச் சுண்ணாம்பிலும் சிவப்பு இல்லை என்றால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு. வீட்டிலிருந்தபடியே வேதியியலை அறிய விரும்புவோர்க்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது. இதற்கு வேண்டியவை அடுக்களையிலேயே கிடைக்கின்றன. அத்துடன், வந்த சிவப்பு திரும்பிப் போகுமா என்ற இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், ஒன்றுபோலத் தோன்றும் நிறமாற்றங்கள் எவ்வளவு வேறுபட்டவை என்பது புலப்படத் தொடங்கும்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் சேர்மம். 1815-இல் வோகல், பெல்லெத்தியே ஆகிய இருவரும் அதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பது 1910-இல்தான் வெளிப்பட்டது. குர்க்குமின் நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு எஞ்சிய ஒளியை விட்டுவிடுவதால் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சுண்ணாம்பு, வேதியியல் பெயரில் கால்சியம் ஹைட்ராக்சைடு, ஒரு வலிய காரம். அதாவது பிற மூலக்கூறுகளிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்ளும் இயல்புடையது. அவ்வாறு ஹைட்ரஜன் அயனியை இழந்த குர்க்குமினில் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் முறை மாறிவிடுவதால், அது உறிஞ்சும் ஒளி நீலத்திலிருந்து பச்சையை நோக்கி நகர்கிறது. அதனால் எஞ்சி வரும் ஒளி சிவப்பாகிறது. சிவந்த நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால், சாற்றிலுள்ள அமிலம் இழந்த ஹைட்ரஜன் அயனியைத் திருப்பித் தருகிறது. நிறமும் மஞ்சளுக்கே மீள்கிறது. இப்படி அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் அடையாளம் காட்டும் பொருளை நிறங்காட்டி என்பர்.

மஞ்சள் குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டைக்குச் சோப்பு போட்டால் கறை சிவப்பாவதும் இதே காரணத்தால்தான். சோப்பு காரத்தன்மை கொண்டது. கறை பெரிதாகிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. நன்றாக அலசினால் மஞ்சள் திரும்பிவிடும். ஆனால் அந்த மஞ்சளும் எளிதில் போவதில்லை, ஏனெனில் குர்க்குமின் நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. எண்ணெயிலும் எரிசாராயத்திலும்தான் கரையும். துவைத்த துணியை வெயிலில் உலர்த்தினால் கறை மங்கிவிடுவது வேறொரு வினை: ஒளி குர்க்குமின் மூலக்கூறையே உடைத்து நிறமற்ற சிறு துண்டுகளாக்குகிறது. அங்கே எந்த எலுமிச்சையாலும் பழைய நிறத்தை மீட்க முடியாது.

அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் ஒரே அளவுகோலில் குறிக்கும் பி.எச். என்னும் எண்முறையை 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சன் வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மஞ்சள் நிறம் மாறுவது ஏறத்தாழ 7.4-க்கும் 8.6-க்கும் இடையில் என்பதால், அது காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். வெறும் நீரிலும் மஞ்சள், புளித்தண்ணீரிலும் மஞ்சள்தான். அந்தக் குறையைச் சங்குப்பூ நிரப்புகிறது. வெந்நீரில் ஊறவைத்த அதன் நீலச் சாறு எலுமிச்சைக்கு ஊதாவாகவும், சமையல் சோடாவுக்குப் பச்சை சாயலாகவும் மாறும். செம்பருத்திச் சாறும் அமிலத்தையும் காரத்தையும் வெவ்வேறு நிறங்களால் காட்டும். இவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்னும் சேர்மங்களால் ஆனது. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில் வயலட் பூவின் சாற்றைக் கொண்டு இதே வகைச் சோதனையை விவரித்திருக்கிறார். இத்தகைய சோதனைகளைக் குழந்தைகள் தாராளமாகச் செய்து பார்க்கலாம்; சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சேர்த்துப் பார்க்கும் ஆவல் மட்டும் ஒருபோதும் கூடாது. அந்தக் கலவையிலிருந்து நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு வெளிவரும்.

வெற்றிலை போட்ட வாய் சிவப்பதும் சுண்ணாம்பினால்தானே, அதுவும் ஆரத்தியின் சிவப்புதானா என்ற ஐயம் இயல்பாக எழும். அங்கே மஞ்சள் இல்லை. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், அதாவது கேட்டச்சின் போன்றவையும் அவை ஒன்றோடொன்று இணைந்து உண்டான டானின்களும், சுண்ணாம்பின் காரச் சூழலில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து செந்நிறச் சேர்மங்களாகின்றன. இதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து வாங்குவதுபோல் இது எளிதில் திரும்புவதன்று என்பதால்தான் வெற்றிலைக் கறை பல்லில் படிந்து நிலைத்துவிடுகிறது.

இவை எல்லாவற்றிலும் வியப்பு மிக்கது குங்குமம். இன்று கடைகளில் செயற்கைச் சாயம் கலந்த பொடிகள் மிகுந்துவிட்டன. ஆனால் பழைய முறையில் மஞ்சள், வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து உலர்த்தியே குங்குமம் செய்வார்கள். சிவப்பு நீரை மஞ்சளாக்கிவிடும் எலுமிச்சையே இங்கே சிவப்புப் பொடிக்குள் இடம்பெறுவது முரணாகத் தோன்றும். வெங்காரம் காரத்தன்மை உடையது. அதே வேளையில் அது போரான் என்னும் தனிமத்தைக் கொண்டது என்பதுதான் இங்கே முக்கியமானது. அமிலம் உள்ள சூழலில் போரான் சேர்மங்கள் குர்க்குமினோடு பிணைந்து, உலரும்போது ஆழ்ந்த சிவப்புச் சேர்மம் ஒன்றை உண்டாக்குகின்றன. ஆரத்தியில் அமிலம் பட்டால் அழியும் சிவப்பு, இங்கே அமிலத்தின் துணையாலேயே பிறக்கிறது. இந்தச் செய்முறையை வகுத்தவர்கள் போரான் என்ற பெயரை அறிந்திருக்க வழியில்லை. அந்தத் தனிமம் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே 1808-இல்தான். எந்தப் பொருளோடு எதைச் சேர்த்தால் நிறம் நிலைக்கும் என்பதைக் கூர்ந்து நோக்கிக் கண்ட அவர்களுடைய அறிவு பெரிதும் போற்றத்தக்கது.

இதே வினையை ஆய்வகங்கள் போரானைக் கண்டறியப் பயன்படுத்துகின்றன. பால் கெடாமலிருக்க யாரேனும் போரிக் அமிலத்தையோ வெங்காரத்தையோ கலந்திருக்கிறார்களா என்று பார்க்க, பாலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, மஞ்சள் தோய்த்த தாளை அதில் நனைத்து உலர்த்துவார்கள். தாள் சிவந்தால், அந்தச் சிவப்பு காரத்தால் வந்ததன்று என்பது அமிலம் உடனிருப்பதிலிருந்தே உறுதியாகிறது. அதன்மேல் அம்மோனியாக் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் சிவப்பு மறைந்து கரும்பச்சை தோன்றினால், பாலில் போரான் கலந்திருப்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.