சிவப்பு ஓரத்துக்கு ஐந்து எண்கள்

62, 2, 211, 254, 201.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் நினைவகத்தில் இந்த ஐந்து எண்களையும் அடுத்தடுத்து வைத்து, ‘இங்கிருந்து ஓடு’ என்று சொன்னால், டிவி திரையைச் சுற்றியுள்ள ஓரப்பட்டை சிவப்பாகிவிடும். 62 என்றால் ‘அடுத்து வரும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்’. அந்த எண் 2. ஸ்பெக்ட்ரமில் அது சிவப்பு. 211 என்றால் ‘வைத்திருப்பதை வெளியே அனுப்பு’. எங்கே? 254 என்ற வாசலுக்கு. திரையைக் கவனிக்கும் சில்லு அங்கேதான் இருக்கிறது. 201 என்றால் ‘வந்த இடத்துக்கே திரும்பு’. இவ்வளவும் முடிய ஆகும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 8 பங்கு.

1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் வெளியிட்ட கணினி இது. 48 கிலோபைட் நினைவகம் உள்ளதன் விலை 175 பவுண்டு. ரப்பர் விசைகள். திரைக்கு வீட்டு டிவி, சேமிப்புக்கு டேப் ரெக்கார்டர். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்தைப் போட்டுவைக்க 60 ஸ்பெக்ட்ரம்கூடப் போதாது. அந்த 48 கிலோபைட்டிலும் 6,912 பைட்டைத் திரையே எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் நிரல், அதை எழுத உதவும் கருவி, எழுதிக்கொண்டிருக்கும் வரிகள் எல்லாம் குடியிருக்க வேண்டும். இந்த நெருக்கடிதான் அந்தக் காலத்து நிரலாளர்களை அத்தனை கெட்டிக்காரர்கள் ஆக்கியது என்பது என் எண்ணம்.

முதல் சிக்கனம் விசைப்பலகையிலேயே தொடங்குகிறது. ஸ்பெக்ட்ரமில் பேசிக் மொழியின் ‘பிரிண்ட்’ கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் ‘பி’ விசையை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். நினைவகத்தில் அது ஐந்து எழுத்தாகப் பதிவதில்லை; 245 என்ற ஒற்றை எண்ணாகவே பதிகிறது.

ஆனால் இதே பேசிக், எண்கள் விஷயத்தில் ஊதாரி. நிரலில் ‘1’ என்று எழுதினால் ஒரு பைட்தானே ஆகும் என்று நினைப்போம். ஆவதோ ஏழு! எழுத்து வடிவத்துக்கு ஒன்று, ‘இனி வருவது மறைவான எண்’ என்று சொல்லும் குறிக்கு ஒன்று, கணக்குப் போடத் தோதான வடிவத்துக்கு ஐந்து. ஓடும்போது எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இடம்தான் போதவில்லை என்பவர்கள் ‘வால் "1"’ என்று எழுதினார்கள். மேற்கோளுக்குள் இருப்பதை எண்ணாக்கு என்று பொருள். பார்க்க நீளம், ஆனால் நான்கே பைட். பூஜ்யம் வேண்டுமா? ‘நாட் பை’. பை பூஜ்யமல்ல, ஆகவே ‘பை அல்லாதது’ பூஜ்யம். இரண்டே பைட்! வட்டத்தின் பை இப்படியெல்லாம் பயன்படும் என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் நினைத்திருக்க மாட்டார்.

பேசிக் மெதுவானது. வேகமான விளையாட்டு வேண்டுமென்றால் நாம் முதலில் பார்த்த எண்களின் மொழிக்கு, அதாவது செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திர மொழிக்கு, இறங்கியாக வேண்டும். ஆயிரக்கணக்கான எண்களை மனிதர் எழுதிக் கட்டுப்படியாகாது. ஆகவே ‘எல்டி ஏ,2’, ‘அவுட் (254),ஏ’, ‘ரெட்’ என்று சுருக்கெழுத்தில் எழுதுவார்கள். மனிதர் எழுதும் இந்த வடிவம்தான் மூலநிரல். அதை எண்களாக மாற்றித் தரும் கருவி அசெம்பிளர். ஸ்பெக்ட்ரமில் பெயர் பெற்றது ஹைசாஃப்ட் நிறுவனத்தின் ஜென்ஸ்; அதுவும் கேசட்டில்தான் வந்தது.

அசெம்பிளருக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘உயிர் போனால் முடிவு என்ற இடத்துக்குத் தாவு’ என்று நூறாவது வரி சொல்கிறது. ‘முடிவு’ இருப்பதோ ஐந்நூறாவது வரியில். அதன் முகவரி இன்னும் தெரியாது. தெரியாமல் எண்ணை எப்படி எழுதுவது? வழி எளிது, அழகானது: மூலநிரலை இரண்டு முறை வாசிப்பது. முதல் வாசிப்பில் எதையும் எழுதாமல், ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை பைட் ஆகும் என்று மட்டும் கூட்டிக்கொண்டே போய், பெயர்களுக்கு முகவரிப் பட்டியல் போடும். இரண்டாவது வாசிப்பில் பட்டியலைப் பார்த்து எண்களை எழுதும்.

இடநெருக்கடி இங்கே உச்சத்துக்குப் போகிறது. மேலே சொன்ன மூன்று வரிகளுக்கு, இடைவெளியும் குறிகளும் சேர்த்து 20 எழுத்து. விளைவதோ 5 பைட். ஆக, மூலநிரல் தன் விளைவைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். பக்கத்திலேயே அசெம்பிளரும் இருக்கிறது; பட்டியலும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது. புதிய நிரலில் ஒரு எண் தவறினாலும் அது தன் மூலநிரலையே அழித்துவிடலாம். ஆகவே ஓட்டிப் பார்க்கும் முன் கேசட்டில் பதிந்தாக வேண்டும். நொடிக்குச் சுமார் 1,500 பிட் வேகத்தில், 10 கிலோபைட்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். 1983-இல் ‘மேனிக் மைனர்’ விளையாட்டை எழுதிய பதின்ம வயதுப் பையன் மேத்யூ ஸ்மித் இந்தத் தொல்லையே வேண்டாமென்று டிஆர்எஸ்-80 என்ற வேறொரு கணினியில் எழுதி, விளைவை மட்டும் ஸ்பெக்ட்ரமுக்கு அனுப்பினார்.

எதிர்த்திசைப் பயணம் இதைவிடச் சுவையானது. எண்களிலிருந்து சுருக்கெழுத்தை மீட்கலாம். பெயர்களும் விளக்கக் குறிப்புகளும் மட்டும் மீளாது. பேசிக் உட்பட ஸ்பெக்ட்ரமுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருந்த 16,384 பைட்டையும் இயன் லோகன், ஃபிராங்க் ஓஹாரா இருவரும் இப்படிப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்று விளக்கி, 1983-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள்.

எண்களைச் சுருக்கெழுத்தாக மாற்றும் கருவியை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் ஏமாந்திருப்பார்கள். உள்ளே இன்னொரு மொழி ஒளிந்திருந்தது. 239 என்ற கட்டளைக்குப் பின் வரும் எண்களுக்குச் செயலியின் அகராதி செல்லாது. வழக்கமாக 4 என்றால் ‘செயலிக்குள் எண்ணை வைக்கும் இடமான பி என்ற பதிவகத்தில் ஒன்று கூட்டு’, இங்கே ‘பெருக்கு’. 15 என்றால் ‘கூட்டு’. 56 வந்தால் பழைய மொழிக்குத் திரும்பலாம். சைன், மடக்கை போன்ற கணக்குகளை மிகக் குறைந்த இடத்தில் எழுதுவதற்காகவே அமைத்த குறுமொழி அது. இந்த பேசிக்கை எழுதிய ஸ்டீவ் விக்கர்ஸ் பிறகு ஃபோர்த் மொழியில் இயங்கும் ஜூபிடர் ஏஸ் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அந்தக் குறுமொழியைப் போலவே ஃபோர்த்தும் எண்களை அடுக்கிவைத்து மேலிருந்து எடுத்துக் கணக்குப் போடும்.

இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் அந்த 16,384-இல் 1,170 பைட் எதற்கும் பயன்படாமல், வெறும் 255-களாக நிரம்பிக் கிடந்ததும் தெரியவந்தது. கூடவே ஒரு தவறும். வெளியிலிருந்து ஒரு கருவி செயலியைக் கட்டாயமாக நிறுத்தினால், 23728-ஆம் இடத்தில் முகவரி இருந்தால் அங்கே போக வேண்டும். பூஜ்யமாக இருந்தால் பேசாமல் திரும்ப வேண்டும். நடப்பதோ நேர்மாறு. முகவரி இருந்தால் கண்டுகொள்வதில்லை. பூஜ்யமாக இருந்தால் பூஜ்யத்துக்கே தாவி, கணினி முதலிலிருந்து தொடங்கிவிடும். 40 இருக்க வேண்டிய இடத்தில் 32 இருந்ததுதான் காரணம். இரும எண்ணில் எழுதினால் ஒரே ஒரு பிட் வித்தியாசம். கணினியோடு வந்த கையேட்டில் 23728-க்கு எதிரே ‘பயன்பாட்டில் இல்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள்.