ஆட்சி மாறினால் உங்கள் கடனும் சேமிப்பும் என்ன ஆகும்? பாறசாலை முதல் வர்ஜீனியா வரை

பாறசாலையில் டீ குடித்துவிட்டு ஜிபே பண்ணினாலும், எல்லை தாண்டி களியக்காவிளையில் பண்ணினாலும் இன்று ஒரே ரூபாய்தான். நடுவில் இருப்பது மாநில எல்லை மட்டும்.

உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் இது தலைகீழ். அப்போது நடுவில் எல்லையே கிடையாது. இரண்டு ஊரும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அந்த சமஸ்தானத்துக்குச் சொந்தப் பணம், சொந்தத் தபால் எல்லாம் உண்டு. 1949-ல் ஆட்சி மாறியது, 1951-ல் தபால் மாறியது, 1956-ல் எல்லை வந்தது. ஏழே வருடத்தில் மூன்று மாற்றம்.

அப்படியென்றால் வாங்கின கடன், போட்ட டெபாசிட், எழுதின பத்திரம் எல்லாம் என்ன ஆகும்? 1783-ல் பிரிட்டனிடமிருந்து விடுபட்ட அமெரிக்கர்களுக்கும் இதே கேள்விதான் இருந்தது.

சக்கரம் என்றால் என்ன பணம்?

திருவிதாங்கூரில் 16 காசு சேர்ந்தால் 1 சக்கரம். 4 சக்கரம் 1 பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், 1 திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு கொடுக்க வேண்டும். திருநெல்வேலி வியாபாரிக்கு நூறு ரூபாய் பாக்கி என்றால், நெய்யாற்றின்கரைக்காரர் தன் நோட்டில் 101 ரூபாய் 22 சக்கரம் என்று எழுதணும்.

தலைவலிதான். ஆனாலும் விகிதம் நிலையாக இருந்தது. அதனால் சக்கரம் புழக்கத்திலிருந்து போனபோதும் கடனின் மதிப்பு கரைந்துவிடவில்லை.

அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒரே ஸ்பானிஷ் டாலர் வர்ஜீனியாவில் 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8 ஷில்லிங். போருக்காக அச்சடித்த காகிதப் பணமோ மதிப்பே இல்லாமல் போனது. 1790-ல் அரசு அதை 100-க்கு 1 என்ற கணக்கில்தான் ஏற்றுக்கொண்டது.

கடிதத்துக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு?

அன்றைக்குக் கடிதம்தான் வங்கிச் சேவை. 'இவருக்கு இவ்வளவு கொடுங்கள், என் கணக்கில் எழுதுங்கள்' என்று வர்ஜீனியா புகையிலைப் பண்ணைக்காரர் லண்டன் வியாபாரிக்கு எழுதுவார். நம்ம ஊர் உண்டியல் மாதிரியேதான். அமெரிக்காவில் அன்று தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே கட்டினார். 1792 சட்டப்படி, தூரத்தைப் பொறுத்து ஒரு தாளுக்கு 6 முதல் 25 சென்ட்.

திருவிதாங்கூரில் மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சல்காரர் கடிதம் கொண்டுவந்தார். 1888-ல் சங்கு முத்திரையோடு சமஸ்தானத்தின் முதல் தபால்தலை வந்தது. அது சமஸ்தானத்துக்குள்ளே மட்டும்தான் செல்லும். 1951 ஏப்ரல் 1 அன்று இந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

ஆட்சி மாறினால் கடன் தள்ளுபடியா?

இல்லை. 1783 பாரிஸ் ஒப்பந்தத்தின் 4-வது பிரிவு, பழைய கடனை முழு மதிப்பில் வசூலிக்கத் தடை கூடாது என்றது. பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், மாமனார் விட்டுப்போன கடனுக்காக நிலத்தை விற்றார். கைக்கு வந்தது மதிப்பிழந்த காகிதப் பணம். நிலமும் போச்சு, கடனும் தீரலை. 1826-ல் இறக்கும்போதும் அவர் பெருங்கடனில்தான் இருந்தார். அவரது அடிமைகள் ஏலம் போனார்கள், குடும்பங்கள் பிரிந்தன.

சாதாரண சிப்பாய்களின் நிலை வேறு. சம்பளத்துக்குப் பதில் கிடைத்த கடன் பத்திரத்தை, வீட்டுச் செலவுக்காக அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1790-ல் நிதியமைச்சர் ஹாமில்டன் முழு மதிப்பையும் தர முடிவு செய்தார். ஆனால் யார் கையில் பத்திரம் இருக்கிறதோ அவருக்கு மட்டும். முதலில் வாங்கியவருக்கும் பங்கு கொடுங்கள் என்ற மேடிசனின் யோசனை தோற்றது.

விஷயம் இதுதான்: ஆட்சி மாறினாலும் கணக்கு அழியாது. ஆனால் காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதே முடிவு செய்யும்.

இங்கே யார் இழந்தார்கள்?

ஆட்சி மாற்றத்தைவிட, வங்கிகள் விழுந்ததுதான் இங்கே பெரிய அடி. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியது. 1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1962-ல் டெபாசிட் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு.

எல்லை மாற்றம் விட்டுப்போனது வேறொரு சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. குமரி மாவட்ட வீடுகளில் பழைய நிலப் பத்திரங்கள் இன்றும் மலையாளத்தில் இருக்கின்றன. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பத்திரத்தைப் படிக்கச் சொல்லி, தமிழில் எழுதி வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் கேளுங்கள்.
• பழைய எஸ்பிடி பாஸ்புக் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2017 ஏப்ரல் 1 முதல் அது எஸ்பிஐ கணக்கு.
• பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டை ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் தேடலாம்.
• உங்கள் கணக்குகளில் நாமினி பெயர் இருக்கிறதா? இன்றே பாருங்கள்.