முதலில் பிம்பம், பிறகு கோடுகள்

பள்ளிக்கூடத்தில் ஒளியியல் பெரும்பாலும் கரும்பலகையில்தான் தொடங்குகிறது. ஓர் அம்புக்குறி, ஒரு லென்ஸ், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு கோடுகள், மறுபக்கம் தலைகீழாக இன்னொரு சின்ன அம்புக்குறி. பிள்ளைகள் அதை அளவுகோல் வைத்து அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். தலைகீழ் பிம்பத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பிம்பத்தைக் காட்டிவிட்டு அப்புறம் கோடு போடுவோம்.

அதற்கு ஒரு செருப்புப் பெட்டி போதும். ஒரு முனையில் குண்டூசியால் துளை. எதிர்முனையை வெட்டியெடுத்து, அங்கே எண்ணெய் தடவிய வெள்ளைத்தாள். தாள் பக்கத்தையும் பார்ப்பவர் தலையையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, வெயிலில் நிற்கும் வேப்பமரத்தின் பக்கம் துளையைத் திருப்ப வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் தாளில் மரம் தெரியும்: தலைகீழாக, பச்சை நிறத்தோடு, காற்றில் ஆடும் கிளைகளோடு. லென்ஸ் இல்லை, பேட்டரி இல்லை. ஹம்பி விருபாட்சர் கோயிலின் இருட்டறைச் சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழுவதும் இதே கணக்குத்தான்.

மர உச்சியிலிருந்து வரும் ஒளி நேர்கோட்டில் துளைக்குள் நுழைந்தால் தாளின் கீழ்ப்பகுதியில்தானே விழ முடியும்? அடிமரத்தின் ஒளி மேலே போகும். தலைகீழ் ஆவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் கூர்மையான பிள்ளை ஒன்று அடுத்த கேள்வியைக் கேட்கும்: இத்தனை இலைகளின் ஒளியும் ஒரே ஊசித்துளைக்குள் நுழையும்போது ஏன் குழம்பிப்போவதில்லை? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதையே கேட்டவர் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். இருட்டறையின் துளைக்கு வெளியே பல விளக்குகளை ஏற்றினார். உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒளிப்புள்ளி. ஒன்றை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது, மற்றவை அப்படியே இருந்தன. ஒரே துளை வழியாகப் போனாலும் ஒளி ஒன்றோடொன்று மோதிக் கலைவதில்லை. மூன்று மெழுகுவத்திகள் இருந்தால் எந்த வகுப்பறையிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

துளையைப் பெரிதாக்கினால் பிம்பம் வெளிச்சமாகும், ஆனால் தெளிவு குறையும். வெளிச்சமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் லென்ஸ் தேவை. கேமரா அங்கிருந்துதான் பிறக்கிறது. இன்றைய செல்பேசிக் கேமராவில் தாளின் இடத்தில் ஒரு சில்லு. அதன் மேல் கோடிக்கணக்கான ஒளியுணர் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். 1976இல் பிரைஸ் பேயர் என்பவர் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பாதி பச்சை. நம் கண் நுணுக்கங்களைப் பிரித்தறிவதில் பச்சைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே காரணம். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகிறார்கள். படத்தில் நாம் பார்க்கும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கீடு!

கண்ணும் நிரப்பித்தான் காட்டுகிறது. தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் கரும்புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்களே கிடையாது. ஆனாலும் அங்கே ஓட்டை தெரிவதில்லை, வெள்ளைத்தாள்தான் தெரிகிறது. சுற்றியிருப்பதை வைத்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. ஆக்டோபஸ் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்குப் பின்புறமாகவே வெளியேறுவதால் அதற்கு இந்தக் குருட்டுப் புள்ளி கிடையாது.

விழித்திரையிலும் பிம்பம் தலைகீழாகத்தான் விழுகிறது என்று 1604இல் வானியலாளர் கெப்ளர் எழுதினார். இப்னு அல் ஹைதமே ஏற்கத் தயங்கிய விஷயம் அது. அப்படியானால் யார் அதை நிமிர்த்துவது? யாருமில்லை. மண்டைக்குள் உட்கார்ந்து படம் பார்க்கும் இன்னொரு ஆள் கிடையாது. விழித்திரையின் எந்த இடத்துச் செய்தி எந்தத் திசையைக் குறிக்கிறது என்பதே மூளைக்கு வேண்டியது. பார்ப்பதில் கற்றுக்கொள்ள வேண்டியதும் நிறைய. பிறவியிலேயே பார்வை இழந்து, பல ஆண்டுகள் கழித்து இந்தியாவில் சிகிச்சையால் பார்வை பெற்ற சிறுவர்களை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண அவர்களால் உடனே முடியவில்லை. சில நாள்களிலேயே அந்தத் திறன் வளரத் தொடங்கியது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டி செய்த மறுநாள், ஓர் அட்டையில் குண்டூசித் துளை போட்டு, அதன் வழியே வரும் வெயிலை 3 மீட்டர் தள்ளி நிழலில் வைத்த தாளில் விழச்செய்யுங்கள். 28 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டம் தெரியும். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். தூரத்தை அந்த விட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய 107 வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கும் இதே விகிதம்தான் என்பதால், அதை 107ஆல் வகுத்தால் அதன் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். துளை வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்க விடாதீர்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தாளைத்தான் பார்க்க வேண்டும்.