காணாமற்போன குறுந்தகட்டு இயக்கி

செஞ்சி இராஜகிரியின் உச்சியை அடைய வாயில்கள் பலவற்றைக் கடத்தல் வேண்டும். இடையே ஒன்று அடைபட்டிருப்பின் உச்சியே இல்லையென்போமா? அவ்வாறே, மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபின், கோட்டைப் படங்கள் அடங்கிய குறுந்தகட்டை இட்டும் இயக்கி காணப்படாவிடின், அது பழுதுற்றதென உடனே துணிதல் தகாது. 2015-ல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மாறியோர் பலர் இவ்விடரைக் கண்டனர்.

முதற்கண் பயாஸ் பட்டியலை நோக்குவோம். ஆங்கு இயக்கியின் பெயர் இருப்பின் கருவி பெரும்பாலும் நலமே. பின்னர் டிவைஸ் மேனேஜரில் அதனை நீக்கிக் கணினியை மீளத் தொடங்குவோமாயின், இயங்குதளம் அதனைப் புதிதாய்க் கண்டறியும். அதனாலும் தீராதாயின், பழைய தகடெழுதும் மென்பொருள் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்னும் குறிப்புக்கள் வாயிலை அடைத்திருத்தல் கூடும். பதிவேட்டிற்குப் படியெடுத்து வைத்த பின்னரே, குறுந்தகட்டு இயக்கிக்குரிய பிரிவில் அவற்றை மட்டும் அழித்தல் வேண்டும்.

புதுக்கருவி வாங்குமுன் இம்மூன்றையும் செய்து பார்த்தல் நம் மாணவர் கைப்பொருளைக் காக்கும்.