பழைய ஹெரால்டு காருக்கு எந்த டயர்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

லோடு வண்டி டயரைப் பற்றி நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எத்தனை பிளை, என்ன விலை, எத்தனை நடை தாங்கும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் வீட்டுக் கொட்டகையில் மூடிக் கிடக்கும் பழைய காரை மகனோ பேரனோ வெளியே எடுக்க ஆசைப்படும்போது அந்தக் கணக்கு உதவாது. இந்தப் பகுதியில் பழைய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்கு டயர் வாங்குவது எப்படி என்று உறுப்பினர்கள் சிலர் விசாரித்ததால், விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஹெரால்டு நம் ஊர்ச் சரக்கு. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கியதைப் பெரியவர்கள் அறிவார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரயம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே தயாரானது. 1970-களில் அதன் இடத்துக்கு கெஸல் வந்தது. 1980-களின் இறுதியில் தொழிற்சாலையே மூடப்பட்டது. இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். எனவே கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

எண்ணைப் படிக்கும் முறை

இந்தக் கார்களுக்கு ஆரம்பத்தில் வந்த டயர் 5.20-13. நாம் நைலான் டயர் என்று சொல்லும் ரகம். 5.20 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 13 என்பது ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலத்தில்.

இங்கேதான் முதல் பள்ளம். பிரீமியர் பத்மினிக்கு வந்ததும் 5.20 தான், ஆனால் அது 5.20-14. "ஐந்து இருபது" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் பத்மினி டயரை எடுத்துப் போடுவார். அது ஹெரால்டு ரிம்மில் நிற்காது. ரேடியலிலும் இதே கதைதான். மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் 145 என்று இருக்கும், ஆனால் ரிம் 12. ஆகவே பாதி எண்ணைச் சொல்லி டயர் வாங்கக்கூடாது.

நைலானுக்குப் பதில் ரேடியல் போட விரும்பினால் ஏற்ற அளவு 145/80 ஆர் 13. ஸ்பிட்ஃபயருக்கே பிற்காலத்தில் 145 ரேடியல்தான் வந்தது. இந்த அளவு மாருதியின் சில சிறு கார்களுக்கும் வருவதால் கடைகளில் கிடைக்கிறது. 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 116 மி.மீ. மேலும் கீழுமாக 232. ரிம்மின் 13 அங்குலம் 330 மி.மீ. கூட்டினால் டயரின் முழு உயரம் 562 மி.மீ. பழைய 5.20-13 இதைவிடச் சற்று உயரமானது. அதனால் ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதில் ஆபத்து இல்லை.

பக்கச் சுவரில் 75டி என்று இருந்தால், 75 என்பது ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கு. ஹெரால்டுக்கு இரண்டுமே தாராளம்.

அகலம் கூடினால் நல்லதா?

"இன்னும் அகலமாகப் போடுங்கள், ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஹெரால்டின் பழைய ரிம் மிகக் குறுகலானது. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச் சுவர் பிதுங்கி, வளைவில் வண்டி ஆட்டம் கொடுக்கும். ரிம்மின் உள் அகலத்தை அளந்து, டயர் கம்பெனி அட்டவணையில் அந்த அகலம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இன்னொன்று: 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் என்று பெயர் வாங்கிய வண்டி இது. முன் சக்கரம் அவ்வளவு மடங்கித் திரும்புவதால், அகல டயர் சேசிஸில் உரசும்.

பின் சக்கரத்தின் குணம்

இந்தக் காரில் உயிருக்கே சம்பந்தப்பட்ட விஷயம் இதுதான். ஹெரால்டின் பின் ஆக்ஸில் ஒரே தண்டாக இல்லை. நடுவில் கீல் வைத்தது போல இரண்டு பாதியாக ஆடும். வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக் அழுத்தினாலோ, பின்பக்கம் தூக்கிக் கொள்ளும். சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கும். டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். பின்பக்கம் வீசிக்கொண்டு போய்விடும். கெஸலில் ஒரே தண்டு ஆக்ஸிலாக மாற்றினார்கள்.

ஆகவே பின் டயர் ஒருபோதும் முன் டயரைவிட மோசமாக இருக்கக்கூடாது. புதிதாக இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும். காற்றும் முன்னைவிடப் பின்னால் சில பவுண்டு கூடுதல் என்றுதான் கம்பெனிப் புத்தகம் சொல்கிறது. பெட்ரோல் பங்கில் நான்குக்கும் ஒரே அளவு பிடித்துவிட்டு வரக்கூடாது. ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் போடவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பது அதைவிட ஆபத்து. நான்கும் ஒரே ரகமாக இருப்பதே உத்தமம், ஸ்டெப்னியும் சேர்த்து.

தேதியும் டியூபும்

பாக்கெட்டைப் புரட்டித் தேதி பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. டயருக்கும் தேதி உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-வது வாரம் தயாரானது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஓடாத காரின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகும். கொட்டகையில் இருபது வருடம் நின்ற வண்டியின் டயரை "நல்லாத்தானே இருக்கு" என்று நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. துருவும் ஏறியிருக்கும். எனவே டியூப் போட்டே ஓட்ட வேண்டும். ரேடியலுக்கு என்று குறித்த 13 அங்குல டியூபாகக் கேளுங்கள். மாட்டும் முன் ரிம்மைச் சுரண்டி, விரிசல் பார்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு பவுடர் தூவ வேண்டும். இல்லையென்றால் அது டியூபை அரித்துவிடும். பிறகு வீல் பேலன்ஸ், அலைன்மென்ட். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

கடைசியாக ஒரு சட்டக் குறிப்பு. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அதில் கடைச் சரக்கு ஏற்றலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, டயரில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கிறோம். வண்டியின் மொத்தப் பாரமும், உள்ளே இருக்கும் நம் பிள்ளைகளும், தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான் போகிறார்கள். அந்த நான்கையும் முதலில் வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.