வீட்டிலேயே ஒரு பட்டறை - 6: காயலான் கடையில் உயிரோடு கிடக்கும் மோட்டார்

வைஸ், சுத்தி, அரம் என்று கைக்கருவிகளைச் சென்ற வாரம் பார்த்து முடித்தோம். இந்த வாரம் கரன்ட்டில் ஓடும் முதல் கருவி: உளி தீட்டவும் இரும்பைத் தேய்க்கவும் ஒரு கிரைண்டர். அதற்கான மோட்டாரை எடை போட்டு விற்கும் இடத்தில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

காயலான் கடைக்காரர் மோட்டாரைக் கிலோவில்தான் பார்ப்பார். வெளியே இரும்பு அல்லது அலுமினியம், உள்ளே தாமிரம். தாமிரத்துக்கு விலை அதிகம் என்பதால், வந்த மோட்டார் அதிக நாள் தங்காது. சம்மட்டியால் உடைத்துக் காயிலை உருவிவிடுவார்கள். அப்படி உடைபடுவதில் பல மோட்டார்கள் ஓடக்கூடியவை. வாஷிங் மெஷினில் தொட்டி துருப்பிடித்திருக்கும், மாவரைக்கும் கிரைண்டரில் டிரம் தேய்ந்திருக்கும், மோட்டார் நன்றாகவே இருக்கும். மோட்டாரில்தான் கோளாறு என்றாலும் முதலில் போவது கெப்பாசிட்டர் அல்லது பேரிங். இரண்டுமே சில்லறைச் செலவு.

தமிழ்நாட்டில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. வெட் கிரைண்டர் பிறந்த ஊர் கோவை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் இலக்கு 1.8 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அந்தக் கிரைண்டர்கள் இப்போது ஒவ்வொன்றாக எடைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

மோட்டாரைக் கையில் எடுத்ததும் எல்லோரும் தேடுவது எத்தனை எச்பி என்பதைத்தான். நாம் முதலில் பார்க்க வேண்டியது வேகம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இன்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் அதன் துருவங்களைப் பொறுத்தது. இரண்டு துருவம் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று, நான்கு என்றால் 1,500. சுமையோடு ஓடும்போது சற்றுக் குறையும். அதனால்தான் தண்ணீர் பம்ப் மோட்டாரின் தட்டில் 2,880 போலவும், நான்கு துருவ மோட்டாரில் 1,440 போலவும் எண் இருக்கும். டேபிள் டாப் கிரைண்டரும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் துவைக்கும் மோட்டாரும் பெரும்பாலும் நான்கு துருவ வகை.

மிக்ஸி மோட்டார் வேறு சாதி. கார்பன் பிரஷ்ஷில் ஓடுவது. சுமையில்லாமல் விட்டால் 18,000 சுற்றைத் தொடும். இவ்வளவு வேகம் இருக்கிறதே என்று அதில் 6 அங்குலத் தீட்டுக்கல்லை மாட்டினால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம். கல்லின் விளிம்பு நொடிக்கு 140 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கும். இப்படிப்பட்ட சாதாரணக் கல்லில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பு 35 மீட்டர் அளவில்தான் இருக்கும். கல் சிதறும், துண்டுகள் முகத்துக்கு வரும். அதே கல் 2,880 சுற்றில் 23 மீட்டரைக்கூடத் தொடாது. மிக்ஸி மோட்டாரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. ஷாஃப்ட்டை விரலால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போயிருக்கிறது. மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலும் அதே காரணம்தான். காற்றுத் துளையில் மூக்கை வையுங்கள். வார்னிஷ் கருகிய வாடை வந்தால் காயில் எரிந்திருக்கிறது, கீழே வைத்துவிடலாம்.

வாடை இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். சாதாரண சிங்கிள் பேஸ் மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வரும். இரண்டிரண்டாக ஓம் அளவு பாருங்கள். உதாரணத்துக்கு 12, 18, 30 என்று வருகிறது. 30 காட்டிய ஜோடியில் சேராமல் தனியாக நிற்கும் ஒயர்தான் காமன். காமனோடு 12 காட்டுவது ரன்னிங் காயில், 18 காட்டுவது ஸ்டார்ட்டிங் காயில். 12-ம் 18-ம் சேர்ந்தால் 30 வருகிறது அல்லவா, இந்தக் கூட்டல் சரியாக வந்தால் காயில் பெரும்பாலும் நலம். துவைக்கும் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டியது என்பதால் அதில் இரண்டு காயிலும் சமமாகக் காட்டும். எந்த ஒயருக்கும் மோட்டாரின் உடம்புக்கும் தொடர்பு காட்டவே கூடாது. வாங்கிய பிறகு ரீவைண்டிங் கடையில் கொடுத்து 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள்.

உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். அதில் எழுதியிருக்கும் அதே எம்எஃப்டி, அதே வோல்ட்டில் மாற்றுங்கள். கழற்றுமுன் ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயர்களை அதன் முனைகளில் வைத்து மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கடிக்கும்.

பேரிங் வாங்க அளவுகோல் தேவையில்லை. எண்ணிலேயே அளவு இருக்கிறது. 6204 என்றால் கடைசி 04-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: உள்துளை 20 மி.மீ. 04-லிருந்து மேலே எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சிறியவற்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 6202-க்கு 15 மி.மீ., 6203-க்கு 17 மி.மீ.

தீட்டுக்கல்லை மோட்டாரின் ஷாஃப்ட்டிலேயே மாட்ட வேண்டாம். பேரிங்கைத் தாங்கும் இரண்டு பிளம்மர் பிளாக்கில் தனி ஷாஃப்ட் வைத்து, பெல்ட்டில் ஓட்டுங்கள். மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, ஷாஃப்ட்டில் 2 அங்குலப் புல்லி என்றால் 1,440 சுற்று இரட்டிக்கும். உளி தீட்ட மட்டும் என்றால் இரண்டிலும் ஒரே அளவுப் புல்லி போதும். வேகம் குறைந்தால் உளிமுனை சூடேறி நீலம் பாய்வதும் குறையும். கல்லை மாட்டுமுன் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் விரிசல், தூக்கி எறியுங்கள். கல்லுக்கு இரும்பு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள்.

கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் அது இன்னொரு வேலையும் செய்யும். கடையில் பொறுக்கிய இரும்பு என்ன ரகம் என்று சொல்லும். துண்டைக் கல்லில் வைத்துப் பொறியைக் கவனியுங்கள். மைல்ட் ஸ்டீல் என்றால் நீண்ட கோடுகள், அங்கங்கே ஒரு கிளை. லாரிப் பட்டை, பழைய அரம் போன்ற கார்பன் மிகுந்த எஃகு மத்தாப்பூவாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக இருக்கும். உளிக்கும் கத்திக்கும் மத்தாப்பூ இரும்பு, ஸ்டாண்டுக்கும் சட்டத்துக்கும் மைல்ட் ஸ்டீல்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாதவை இரண்டு. ஒன்று, மைக்ரோவேவ் அவனின் டிரான்ஸ்பார்மர். அதில் வருவது 2,000 வோல்ட் அளவு, ஒரு முறை தொட்டால் அடுத்த முறை கிடையாது. மற்றொன்று, பிரிட்ஜ் கம்ப்ரஸர். புதிய பிரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது தீப்பற்றும் வாயு. அதைக் கட்டிங் வீல் போட்டு அறுக்க வேண்டாம்.

மோட்டார் எந்த வீட்டிலிருந்து வந்ததாக இருந்தாலும் அதன் உடம்புக்கு எர்த் ஒயர் கட்டாயம். லைனில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால், கிரைண்டருக்கு முன்னால் அதை வாங்குங்கள். உங்கள் பகுதிக் காயலான் கடைக்காரரிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “அண்ணே, கிரைண்டர் மோட்டார் வந்தா உடைக்காம எடுத்து வைங்க, தாமிர விலையே கொடுத்துடறேன்.” அந்த விலைக்கும் அது லாபம்தான்.

அடுத்த வாரம்: கரி அடுப்பில் அலுமினியத்தை உருக்கி வார்த்து, வீட்டிலேயே லேத் செய்யும் வழியைப் புத்தகமாக எழுதிய அமெரிக்கர் டேவ் ஜிஞ்சரி.